முகத்துக்கா, துணிக்கா?

பாரீசின் யாகப்பர் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், லுபேனுக்குத் துணி வரும், முகம் வராது என்பார்கள். லுபேன் என் வீட்டுக்காரர். செப்புத் தகட்டில் அவர் வெட்டிய வெல்வெட்டை அச்சடித்துப் பார்த்தால், கை தானாக அதைத் தடவப் போகும். பட்டு என்றால் மடிப்புக்கு மடிப்பு பளபளப்பு. லேஸ் என்றால் ஓட்டையை ஒவ்வொன்றாக எண்ணலாம். அதே மனிதரிடம் ஒரு மூக்கைக் கொடுத்தால் போச்சு. நன்றாக இருக்கிற ஆளுக்கெல்லாம் பல்வலி வந்துவிடும்.

முகம் வெட்டுவது நான், பெரெத். பதினாலு வருஷமாக எங்கள் கடையிலிருந்து போன ஒவ்வொரு படத்திலும் கழுத்துக்கு மேலே என் கை, கழுத்துக்குக் கீழே அவர் கை. ஆனால் படத்தின் அடியில் ஒரே பெயர்தான் இருக்கும். "லுபேன் செதுக்கியது." ஆஹா! துணியும் லுபேன், கண்ணும் லுபேன், கன்னத்துக் குழியும் லுபேன்.

இதை நான் கேட்காமல் இருந்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். வாரத்துக்கு ஒருமுறை கேட்டேன். தவக்காலத்தில், பட்டினி வயிற்று எரிச்சலில், இரண்டு முறை.

"ஒரு படத்துக்கு ரெண்டு பேரு போட்டா சிரிப்பாங்கம்மா" என்பார் அவர். "பாக்குறவனுக்குப் படம் ஒண்ணுதான். அதுல எவன் மூக்கைத் தனியா, பொத்தானைத் தனியா பாக்கப் போறான்?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். பயந்தவர்களோடு சண்டை போடுவதுதான் கஷ்டம், பிடி கிடைக்காது.

அந்த வருஷம் யோவான் திருநாளுக்கு இருபத்துமூன்று நாள் இருக்கும்போது நீதிபதி வில்ரோஷ் மூச்சு வாங்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். உருண்டையான மனிதர். வாயில் எப்போதும் ஒரு சோம்பு மிட்டாய் உருண்டுகொண்டிருக்கும். அவருடைய தங்கை மகன் திருநாளுக்கு மறுநாள் சொர்போன் கல்லூரியில் தன் ஆய்வுரைக்காக வாதாடப் போகிறான். அதற்கு ஒரு பெரிய தாள் அச்சடித்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். கீழே பையனின் வாதங்கள், மேலே அவனை ஆதரிக்கிற பெரிய மனிதரின் படம், அதாவது வில்ரோஷின் படம். படம் நன்றாக இருந்தால் கீழே எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. பையன்கள் பாதிப் பேர் தேறுவது அப்படித்தான். வில்ரோஷ் ஏற்பாடு செய்திருந்த செதுக்குக்காரருக்குக் கீல்வாதம் வந்து கை வீங்கிவிட்டது.

"உங்களால முடியுமா?" என்றார்.

நல்ல தகடு ஒன்றுக்கு மூன்று மாதம் பிடிக்கும். லுபேன் அதைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

"முடியும் ஐயா" என்றேன்.

வில்ரோஷ் போன பிறகு லுபேன் செருப்பைக் கழற்றிக் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இருபத்துமூணு நாள்ல அங்கி வெட்டணும், லேஸ் வெட்டணும், சட்டம் வெட்டணும்..."

"பிரேவாலை எடு" என்றேன்.

அவர் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

விஷயம் இதுதான். எங்கள் கட்டிலுக்கு அடியில் கம்பளித் துணி சுற்றி ஒரு தகடு கிடந்தது. நாலு வருஷத்துக்கு முன்னால் நீதிபதி பிரேவாலுக்குச் செய்தது. முப்பது படி அச்சடித்துக் கொடுத்த பிறகு அவர் வந்து, "மூக்கு பெரிசா இருக்கு" என்றார். "மூக்கு பெரிசாத்தான் ஐயா இருக்கு" என்றேன் நான். மனிதர் தகட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போய்விட்டார். பிரேவாலும் வில்ரோஷும் ஒரே நீதிமன்றம், ஒரே அங்கி, ஒரே கழுத்துப்பட்டை. தலையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு வேறு தலை வைத்தால் வேலை முடிந்தது. எங்கள் தெருவில் எல்லாக் கடையிலும் நடப்பதுதான். யாரும் சொல்வதில்லை, யாரும் கேட்பதில்லை.

ஆனால் பிரேவாலும் வில்ரோஷும் ஜென்மப் பகையாளிகள். பக்கத்துப் பக்கத்துத் தோட்டம். பிரேவாலின் பேரிமரம் வில்ரோஷ் பக்கம் சாய்ந்து நிற்கிறது. விழுகிற பழம் யாருக்கு என்று பதினோரு வருஷமாக வழக்கு.

"தெரிஞ்சா வில்ரோஷ் நம்மளத் தெருவுல நிக்க வச்சிருவாரு" என்றார் லுபேன். "வேற உடம்பே இல்லையா?"

"இருக்கு. ஒரு மடத்துத் தலைவி, ஒரு குதிரைப்படைத் தளபதி. எதுல வைக்கலாம் வில்ரோஷை?"

அவர் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். குனிந்தவரிடம் கேட்டால்தான் காரியம் ஆகும் என்று நான் அப்போதே கேட்டேன். "இந்த முகத்தை நான் முடிச்சுக் கொடுத்தா, என் பேரு வரணும்."

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

தலையில் ஒட்டடையோடு வெளியே வந்தார். அன்று அவருக்கும் சூடு ஏறிவிட்டது. "சரி, இப்படி வச்சுக்குவோம். இந்தப் படத்தைப் பாத்து பாரீசுல ஒருத்தன், ஒரே ஒருத்தன், நாம சொல்லாம, 'இதுல ரெண்டு கை இருக்கு'ன்னு சொல்லட்டும். அன்னைக்கே உன் பேரை என் கையால வெட்டுறேன். சொல்லலேன்னா இனிமே இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. சாகுற வரைக்கும்!"

"சத்தியமா?"

"நம்ம கடைப் பலகை மேல சத்தியமா."

ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்ட பிறகுதான் யோசித்தேன். பதினாலு வருஷமாக எவனும் சொல்லாததை இருபத்துமூன்று நாளில் எவன் வந்து சொல்லப் போகிறான்?

பிரேவாலின் தலையைச் சுரண்டியால் எடுத்தேன். செம்பு சுருள் சுருளாக வந்தது. சுரண்டிய இடம் பள்ளமாகிவிடும், அங்கே மை தேங்கும். அதனால் தகட்டைக் கவிழ்த்துப் பட்டறைக்கல்லில் வைத்துப் பின்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி மேலே கொண்டுவந்தேன். பிறகு மெருகுக்கோலால் தேய்த்தேன். இரண்டு நாளில் அங்கியும் லேஸும் போட்ட, தலையில்லாத ஒரு நீதிபதி எங்கள் மேஜையில் இருந்தார். கீழே இருந்த பெயரையும் குலச்சின்னத்தையும் லுபேன் மாற்றினார்.

அப்போது ஒன்று கவனித்தேன். லேஸ் பட்டையின் இடது முனையில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. நாலு வருஷத்துக்கு முன்னால் தும்மும்போது லுபேனின் உளி வழுக்கிய இடம். அந்தக் கீறலை அழிக்காமல், வளைத்து ஒரு பிரிந்த நூலாக்கியிருந்தார்.

"இதை எடுத்துரு" என்றேன்.

"எதை? அதையா? அடியே, அது நான் வெட்டினதிலேயே அழகான கோடு!"

அந்த மனிதருக்கு இருக்கிற கர்வத்தைப் பாருங்கள், தும்மலில் கூடக் கர்வம். எனக்கு முகத்து வேலை கிடந்தது, விட்டுவிட்டேன்.

வில்ரோஷ் மூன்று நாள் வந்து உட்கார்ந்தார். மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டே இருப்பார்; எந்தக் கன்னத்தை வரைவது? "துப்பிருங்க ஐயா" என்று சொல்லிவிட்டேன். லுபேன் கண்ணை மூடிக்கொண்டார். வில்ரோஷ் சமர்த்தாகத் துப்பினார். சும்மா உட்கார்ந்தால் அவர் முகம் வெறும் மாவு. பேரிமரத்தைப் பற்றிக் கேட்டால் போதும், வலது கன்னம் மேலே ஏறும், கண் சுருங்கும், சிரிக்காத சிரிப்பு ஒன்று வாய் ஓரத்தில் வந்து நிற்கும். அதைத்தான் நான் பிடித்தேன். தகட்டில் வெட்டுவது தாளில் இடம் வலமாக மாறிப் போகும் என்பதால், வரைந்ததைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வெட்டினேன்.

கன்னம் வெட்டுவதைப் பற்றி ஒருத்தரும் என்னிடம் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். உளி அசையாது. மணல் அடைத்த தோல் மெத்தையில் இருக்கிற தகட்டைத்தான் திருப்ப வேண்டும். கோடு நூலாகத் தொடங்கும், கன்னம் நிழலுக்குள் திரும்பும் இடத்தில் அழுத்தினால் பருக்கும், வெளிச்சம் வருகிற பக்கம் கையைத் தளர்த்தினால் மறுபடி மெலியும். அதன் மேல் இன்னொரு வரிசைக் கோட்டைச் சாய்வாக விட்டால் சின்னச் சின்னக் கட்டங்கள் விழும். கட்டத்துக்கு ஒரு புள்ளி வைத்தால் அது தோல். புள்ளி வைக்காவிட்டால் அது மீன் வலை. வெளிச்சத்தை நெருங்க நெருங்கக் கோடு அறுந்து சிறு கீறலாகும், கீறல் புள்ளியாகும், புள்ளியும் ஓயும். அதற்கு அப்பால் வெறும் தாள்தான். கன்னத்தில் வெளிச்சம் பட்டிருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்களே, அந்த இடத்தில் நான் ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றும் செய்யாமல் எங்கே நிறுத்துவது என்பதற்குத்தான் பதினாலு வருஷம்.

திருநாளுக்கு ஐந்து நாள் முன்னால் முதல் சோதனைப் படி எடுத்தோம். ஈரத் தாளைத் தகட்டிலிருந்து உரித்தபோது வில்ரோஷ் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் சிரித்தார். அடடா! எனக்குக் கண் கலங்கிவிட்டது. லுபேன் கூட, "சரியான ஆளுதான் நீ" என்று முணுமுணுத்துவிட்டு, "லேஸ் எப்படி விழுந்திருக்கு பாத்தியா?" என்றார்.

மத்தியானம் வில்ரோஷ் வந்தார். தனியாக வரவில்லை. கூடவே பாதிரியார் மாலார். ஒல்லியான மனிதர், பூசை நேரம் போக மற்ற நேரமெல்லாம் அச்சுப்படம் சேர்ப்பவர். வீட்டில் ஆறாயிரம் முகம் வைத்திருக்கிறார் என்று கேள்வி. பாக்கெட்டில் ஜெபமாலையும் பூதக்கண்ணாடியும் எப்போதும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருக்கும்.

வில்ரோஷ் படத்தைப் பார்த்தார். "இது நான்தான்!" என்று கத்தினார். "மாலார், இங்க வாங்க. என் தங்கச்சி இதைப் பாத்தா, 'மறுபடியும் பேரிக்காய் பேச்சா'ன்னு கேப்பா!"

மாலார் படத்தை ஜன்னலுக்குக் கொண்டு போனார். எட்டி வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"லுபேன், இந்த அங்கி அற்புதம்" என்றார். லுபேன் குனிந்தார். பந்தயம் போச்சு என்று நினைத்தேன். "இந்தத் துணியில ஒவ்வொரு கோடும் ஒரே மூச்சுல ஓடுது. தோள்ல தொடங்கினா முழங்கைக்கு வந்துதான் நிக்குது. எங்கயும் சந்தேகமே இல்ல." லுபேன் இன்னும் குனிந்தார். "ஆனா முகத்துல இருக்கிற கோடு அப்படி இல்லையே. அது நடுவுல நிக்குது, யோசிக்குது, புள்ளியா மாறிக் காணாமப் போகுது. துணிக்காரருக்கு வெளிச்சம்னா பளபளப்பு. முகத்துக்காரருக்கு வெளிச்சம்னா வெறுந்தாள். இது ரெண்டு பேரு வேலை. முகம் யாரு?"

 லுபேன் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அப்போதே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். பந்தயம் ஜெயித்தாயிற்று. ஆனால் பதினாலு வருஷம் பசித்தவளுக்கு ஒரு கவளம் போதுமா? "சாமி, கண்ணாடிய வச்சுப் பாருங்க" என்றேன். "அந்த வாயோரத்தைப் பாருங்க. அப்புறம் தாடைக்குக் கீழ அந்த நிழலை. இன்னும் கிட்ட. இன்னும் கொஞ்சம் கீழ."

மாலாரின் பூதக்கண்ணாடி வாயோரத்தில் நின்றது. "அடடே" என்றார். தாடைக்கு இறங்கியது. "அடடே, அடடே" என்றார். நான் சொன்னபடி இன்னும் கொஞ்சம் கீழே போனது. அங்கே நின்றுவிட்டது.

"இந்த நூல்" என்றார்.

ஐயோ.

"இந்தப் பிரிஞ்ச நூல் என் வீட்டுல இருக்கே! ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நான் எடுத்துப் பாக்குறது இதைத்தான். ஆனா என்கிட்ட இருக்கிற படத்துல இந்தக் கழுத்துப்பட்டைக்கு மேல வேற ஒருத்தர்..."

"ஒரே கடை லேஸு சாமி!" என்றார் லுபேன். குரல் கீச்சென்று வந்தது. "நீதிபதிங்க எல்லாரும் அங்கதான் வாங்குவாங்க. ரெண்டு தடவை வரைஞ்சேன்."

"பிரிஞ்ச நூலுமா அந்தக் கடையில விக்கிறாங்க?"

வில்ரோஷ் மெதுவாகத் திரும்பினார். மிட்டாய் உருளுவது நின்றிருந்தது. "அப்ப நான் யாரோட உடம்புல இருக்கேன்?"

லுபேன் என்னைப் பார்த்தார். ஒரு பொய் சொல்லு என்று அந்தக் கண் கெஞ்சியது. பொய் சொல்லியிருக்கலாம். இறந்துபோன ஏதாவது ஒரு நீதிபதியின் பெயரைச் சொன்னால் ஒருவேளை பிழைத்திருப்போம். ஆனால் மாலார் வீட்டில் அந்தப் படம் இருக்கிறது, பெயரோடு. அதுவும் போக, எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

"பிரேவால் ஐயாவோட உடம்பு" என்றேன். "நேரமில்ல, அவர் தலையை எடுத்துட்டு உங்க தலையை வச்சோம். அங்கி எல்லாருக்கும் ஒண்ணுதானே? ஆனா முகத்துல இருக்கிற ஒவ்வொரு கோடும் உங்களுக்காகத்தான் வெட்டினது. பதிமூணு நாள் வெட்டினேன். அதுல அடுத்தவங்க கோடு ஒண்ணு இருந்தா காட்டுங்க, தகட்டைத் தூக்கி ஆத்துல போடுறேன். முகம் யாருன்னு சாமி கேட்டாரு. நான்தான். பெரெத். வேண்டாம்னா சொல்லிட்டுப் போங்க."

லுபேன் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். முடிந்தது, கடையும் முடிந்தது, என் பெயரும் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வில்ரோஷ் படத்தையே பார்த்தார். "பிரேவால் தலையை எடுத்தீங்களா?"

"ஆமா ஐயா."

"எதால?"

"சுரண்டியால. அப்புறம் பின்னாலேர்ந்து சுத்தியலால தட்டினேன்."

"பலமாவா?"

"ஒரு பகல் முழுக்க."

அவர் கன்னம் மேலே ஏறியது. கண் சுருங்கியது. பிறகு வெடித்துச் சிரித்தார் பாருங்கள், மிட்டாய் தெறித்து மைச்சட்டியில் விழுந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு, மாலாரின் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பதினோரு வருஷம்! மூணு வக்கீலு! ஒரு பேரிக்காய வாங்க முடியல என்னால. இந்தம்மா சுரண்டி வச்சு ஆளையே முடிச்சு, அவன் கழுத்து மேல என்னைத் தூக்கி உக்கார வச்சிருக்கு! லுபேன், ஐந்நூறு படி கூடப் போடுய்யா. மொதல் படி அவன் வீட்டுக்குப் போகணும்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படத்தின் அடியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "இங்க லுபேன்னு மட்டும் இருக்கு?"

"ஆமாங்க ஐயா" என்றார் லுபேன்.

"அது எப்படிச் சரியாகும்? நான் நீதிபதி, சொல்றேன் கேளு. கையெழுத்து இல்லாம ஒருத்தன் தலையை எடுத்தா அது கொலை. கையெழுத்துப் போட்டு எடுத்தா தீர்ப்பு. எடுத்தவங்க பேரு இதுல இருந்தாகணும்."

அவர்கள் போன பிறகு லுபேன் எழுந்து மெருகுக்கோலால் தன் பெயரைத் தேய்த்து அழித்தார். எழுத்தைத் தலைகீழாக, இடம் வலமாக வெட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை. உளியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"யாரு பேரு மொதல்ல?"

"முகம்தானே மேல இருக்கு" என்றேன். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ரொம்பத்தான் கேட்கிறேனோ என்று.

அவர் குனிந்து வெட்டினார். மை பூசி, துடைத்து, ஈரத் தாள் வைத்து, அச்சுச் சக்கரத்தை அவரே இழுத்தார். தாளை உரித்து என்னிடம் நீட்டினார். "முகம் பெரெத். துணி லுபேன்." என் பெயரின் முதல் எழுத்துக்கு லேஸ் மாதிரி ஒரு சுழி போட்டிருந்தார், யாரும் கேட்காமலே. அன்று ராச்சாப்பாடு வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை என்று மனிதர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். உண்மைதான். திறந்தால் அழுதிருப்பேன்.

வில்ரோஷின் தங்கை மகன் தேறிவிட்டான். வந்தவர்கள் ஒருத்தரும் கீழே படிக்கவில்லையாம்.

ஆடி மாத வெயிலில் ஒருநாள், நான் உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டி நின்றது. எட்டிப் பார்த்தால் முதலில் ஒரு மூக்கு, பிறகு நீதிபதி பிரேவால். கையில் அந்தப் படம். நான் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"வில்ரோஷ் இதை எனக்கு அனுப்பியிருக்கான்" என்றார் பிரேவால். "கூட ஒரு கூடைப் பேரிக்காயும். என் மரத்துப் பேரிக்காய்! அந்தப் பயலை நான் இருபது வருஷமா பாக்குறேன், அவன் மூஞ்சில இருக்கிற திமிரை இப்படி யாரும் பிடிச்சதில்ல. எனக்கும் ஒண்ணு வேணும். புதுத் தகட்டுல." கொஞ்சம் தயங்கினார். "மூக்கு... உள்ளபடியே இருக்கட்டும்."

லுபேன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பதினாலு வருஷமாக வாசலுக்கு வந்த எவரிடமும், "நான்தான் ஐயா, உள்ள வாங்க" என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார்.

"யாரைப் பாக்கணும் ஐயா?" என்றார். "முகத்துக்கா, துணிக்கா?"

"முகத்துக்குத்தான்."

லுபேன் உள்பக்கம் திரும்பினார். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"பெரெத்! உன்னைத் தேடி வந்திருக்காங்க!"